பிரித்துப் பூட்டிக் கற்றவர்

கல்வி இரு வகைப்படும். ஏட்டைத் திறந்து கற்பது ஒன்று. பொருளைத் திறந்து கற்பது மற்றொன்று. முன்னதற்குப் பள்ளிகள் உண்டு, பட்டங்கள் உண்டு, பரிசுகள் உண்டு. பின்னதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கையில் எண்ணெய்க் கறையும் உள்ளத்தில் தெளிவுமே அதன் ஊதியம். இந்த இரண்டாம் வகைக் கல்வியில் தமிழகம் கண்ட தலைமாணாக்கர் ஒருவர் உண்டு. அவரே கோவை ஜி. டி. நாயுடு.

நான் இயற்பியலில் முதுகலை பயில்பவன். நாயுடு அவர்களின் வாழ்வைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, செம்பூரிலிருந்து தாராவிக்குத் தந்தையாரின் பழைய ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். சயானை நெருங்கும் வேளையில் வண்டி இரண்டு முறை இருமிற்று, பிறகு நின்றேவிட்டது. பெட்ரோல் எஞ்சினின் ஓட்டோ சுழற்சியைத் தேர்வில் வரைந்து காட்டி, அழுத்த விகிதம் உயர்ந்தால் எஞ்சினின் பயன்திறன் எவ்வாறு உயரும் என்பதை இரண்டு பக்கத்தில் நிறுவி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் நான். ஆயினும் மழையில் நனைந்து நின்ற அந்த எஞ்சினில் எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்பது எனக்குத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே தொண்ணூறடிச் சாலைக்கு அருகில் உள்ள சித்தப்பாவின் பழுது பார்க்கும் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கு வேலை செய்யும் இளைஞர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி விளக்கொளியில் ஒரு கணம் பார்த்தார். முனையில் கரி படிந்திருந்தது. பெட்ரோல் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் உள்ளே போகின்றன என்று உடனே கண்டுகொண்டார். காற்று வடிகட்டியைத் திறந்தார். அது சேறும் தூசியுமாக அடைத்துக் கிடந்தது. துடைத்தார், உலர்த்தினார், பூட்டினார். கால்மணி நேரத்துக்குள் வண்டி ஓடிற்று. பிளக்கின் முனை கருத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இளம் பழுப்பாய் இருந்தால் கலவை சரி என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். நான் சமன்பாட்டில் படித்ததை அவர் நிறத்தில் படித்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பட்டம் பெறாத அந்த இளைஞர் என்னைவிட அறிவில் குறைந்தவர் என்று எவ்வாறு சொல்ல முடியும்? இந்த வினா எழுந்தபோதுதான் நாயுடு அவர்களின் வாழ்வு என் நினைவுக்கு வந்தது. ஊருக்குச் செல்லும் விடுமுறைகளில் கோவை அவிநாசிச் சாலையில் அவர் அமைத்த தொழிற் காட்சியகத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கு கண்டவற்றுக்குப் பொருள் இப்போதுதான் விளங்கலாயிற்று.

இளமை

கோவைக்குக் கிழக்கே சூலூர்ப் பகுதியில் கலங்கல் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. உழவே குடும்பத் தொழில். அன்றைய கோவை இன்றைய தொழில் நகரம் அன்று. அதன் முதல் நூற்பு ஆலை தோன்றி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. சுற்றிலும் கரிசல் மண், அதில் பருத்தி, கிணற்று நீரைக் கவலை இறைத்துப் பயிர் காத்த உழவர்கள். இதுவே அவர் கண் விழித்துக் கண்ட உலகம்.

அன்னையை அவர் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளி அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவந்த பிள்ளை என்று அவரைப் பற்றிக் கதை சொல்வர். கதை எப்படியாயினும், தொடக்கக் கல்வியையும் அவர் நிறைவு செய்யவில்லை என்பது உண்மை. ஊரார் கண்ணுக்கு அவர் உருப்படாத பிள்ளை. ஆனால் பள்ளியை வெறுத்தவர் எல்லாரும் அறிவை வெறுத்தவர் ஆகார். வயலில் உழைத்துக்கொண்டே கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே படித்தார். கேள்வி கேட்கும் இயல்பு மட்டும் அவரை விட்டு நீங்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடையாக ஒருநாள் ஒரு வண்டி வந்தது.

வண்டியே பள்ளி

ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அப்பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் என்னும் வண்டி அது. மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிப்பவரும் இல்லை. எனினும் வண்டி ஓடுகிறது. ஊரார் வியந்தனர், வியந்து வீடு திரும்பினர். இளைஞர் துரைசாமிக்கோ வியப்புப் போதவில்லை, காரணம் வேண்டியிருந்தது. அந்த வண்டியைத் தமதாக்கிக்கொண்டாலன்றி அதன் உள்ளத்தை அறிய முடியாது என்று உணர்ந்தார். கோவைக்குச் சென்றார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். உணவும் உறையுளும் போக எஞ்சியதைக் காசு காசாகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. அதைத் திருகு திருகாகக் கழற்றினார். பிறகு மீண்டும் பூட்டினார்.

இந்த ஒரு வரிக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியுள்ளது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்து மோட்டார் சைக்கிள் இன்றைய வண்டியைப் போன்றது அன்று. ஒற்றைச் சிலிண்டர், தீப்பொறி தருவதற்கு ஒரு மேக்னட்டோ, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்வதற்குச் சங்கிலிக்குப் பதில் ஒரு பட்டை. எண்ணெய் தானாக ஊறாது. ஓட்டுபவர் வழியெல்லாம் ஒரு கைப்பம்பை அவ்வப்போது அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். மறந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும். மிகையாக ஊட்டினாலோ பிளக்கில் கரி படியும். பட்டை மழையில் நனைந்தால் வழுக்கும். வெயிலில் நீண்டால் தளரும். ரட்ஜ் வண்டிகளில் ஒரு வகையில், அந்தப் பட்டை பற்றும் கப்பி விரியவும் குறுகவும் செய்யும். அதனால் வேகத்துக்கும் மேட்டுக்கும் ஏற்ப ஓட்டத்தை மாற்ற இயலும். இன்று நம் தெருக்களில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதே தத்துவம்தான்.

இத்தகைய ஒன்றை வழிகாட்டி நூலைப் படிக்கும் ஆங்கில அறிவு இன்றி, ஆசிரியர் இன்றி, உதிரிப் பாகம் கிடைக்கும் கடையும் இன்றிப் பிரிப்பது எளிதன்று. பிரிப்பதையேனும் பிடிவாதம் செய்துவிடும். மீண்டும் பூட்டுவதற்கு அறிவு வேண்டும். பூட்டிய பின் ஒரு திருகு மிஞ்சினாலும் கற்றது குறை என்று பொருள். வண்டி ஓடினால் தேர்ச்சி, ஓடாவிட்டால் தோல்வி. இந்தத் தேர்வில் பரிந்துரை செல்லாது, மனப்பாடமும் செல்லாது. நாயுடு அவர்கள் அத்தேர்வில் வென்றார்; வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஆனார்.

பம்பாயில் ஒரு பாடம்

நம் நகருக்கும் அவர் வாழ்வுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை இங்குள்ள தமிழர் பலர் அறியார். மெக்கானிக் வேலையோடு நில்லாமல் அவர் பருத்தித் தொழிலிலும் இறங்கினார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை ஒன்றைத் திருப்பூரில் தொடங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி வாணிகத்தில் பொருளும் சேர்ந்தது. சேர்ந்த பொருளைப் பெருக்கக் கருதி அன்றைய பம்பாய்க்கு வந்தார். இந்தியப் பருத்தி வாணிகத்தின் தலைமை இடம் அன்று இதுவே. துறைமுக வழி ரயிலில் செம்பூரிலிருந்து கோட்டைக்குச் செல்லும் நாம் நாள்தோறும் கடக்கும் காட்டன் கிரீன் நிலையத்தின் பெயர் அந்த வாணிகத்தின் நினைவுச் சின்னமே.

பம்பாய் அவரை வாழ்விக்கவில்லை. பெரு வணிகர்களின் விலையாட்டத்தில் கொண்டுவந்த பொருளை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார். எந்திரத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது தெரியும்; சந்தையைப் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த உண்மையை அவருக்கு உணர்த்தியது நம் ஊர்தான் போலும். பிழைப்புத் தேடி இங்கு வந்து தோற்றவர்கள் பலருடைய கதை நமக்குத் தெரியும். தோற்ற பின் தமக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பி எழுந்தவர் என்ற வகையில் நாயுடு அவர்கள் நம்மவர்க்கு ஓர் ஆறுதல்.

ஒரு பேருந்தும் பல பேருந்துகளும்

கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். நாயுடு அவர்களின் திறமையை அறிந்த அவர் பொருளுதவி செய்தார். 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கிற்று. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, வண்டி நின்றால் அடியில் படுத்துப் பழுது பார்ப்பவரும் அவரே.

அக்காலத்தில் பேருந்து நடத்துவது என்றால் பாதி பழுது பார்ப்பதே ஆகும். எஞ்சினும் அடிச்சட்டமும் கப்பலில் வரும். மேற்கூட்டை இங்கே மரத்தால் அமைத்துக்கொள்ள வேண்டும். குளிர் நாட்டுத் தார்ச்சாலைக்குச் செய்த எஞ்சின் நம் நாட்டு வெயிலிலும் புழுதியிலும் ஓட வேண்டும். மேடேறினால் ரேடியேட்டர் நீர் கொதிக்கும். குழியில் விழுந்தால் வில் முறியும். உடைந்த பாகத்துக்கு மாற்று வர வேண்டுமானால் கடல் கடந்து வர வேண்டும். ஆதலால் வாங்கிய வண்டியை வாங்கியபடி ஓட்டியவர்கள் தோற்றனர். நம் சாலைக்கும் நம் சுமைக்கும் ஏற்ப வண்டியை மாற்றியும் காத்தும் வந்தவர்களே நின்றனர். நாயுடு அவர்கள் இரண்டாம் வகையினர்.

அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. 1930களில் இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் அதில் ஓடின. யூ.எம்.எஸ். பேருந்து நேரம் தவறாது என்னும் பெயர் கொங்கு நாடெங்கும் பரவிற்று. நேரம் தவறாமை ஓட்டுநரின் ஒழுக்கத்தால் மட்டும் வருவதன்று. முன்னாள் இரவே பணிமனையில் ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்ப்பவர் இருந்தால்தான் மறுநாள் காலை வண்டி நேரத்துக்குக் கிளம்பும். பயணி காணும் ஒழுங்குக்குப் பின்னால் அவன் காணாத பராமரிப்பு நிற்கிறது.

பனி நாட்டுத் தோழர்

இவ்விடத்தில் தொலைநாட்டவர் ஒருவரை நினைவுகூர்வது பொருந்தும். நாயுடு அவர்கள் புழுதியோடு போராடிய அதே காலத்தில், பனியோடு போராடிய ஒரு மெக்கானிக் கனடா நாட்டில் இருந்தார். ஜோசப் அர்மான் பம்பார்டியர் என்பது அவர் பெயர். கியூபெக் மாநிலத்து வால்கூர் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர். பதினைந்தாம் வயதில் பழைய போர்டு கார் எஞ்சினோடு விமான விசிறி ஒன்றை இணைத்துப் பனிமேல் ஓடும் வண்டி செய்தார். விசிறியின் ஆபத்தைக் கண்டு அஞ்சிய தந்தையார் அதைப் பிரித்துப் போடச் சொன்னார். பிள்ளையும் பிரித்தார், எண்ணத்தை மட்டும் பிரிக்கவில்லை. 1926இல் சொந்தமாகப் பழுது பார்க்கும் கொட்டகை அமைத்தார்.

அந்நாட்டில் பனிக்காலம் வந்தால் ஊர்ச் சாலைகள் மூடிக்கொள்ளும்; கார்கள் கொட்டிலில் முடங்கும். 1934ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவருடைய இளங்குழந்தை நோயுற்றது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பனியைக் கடக்கும் வண்டி இல்லை. குழந்தை இறந்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த சோதனைகளை அத்துயரத்துக்குப் பின் அவர் முடித்தே தீர்ந்தார். ரப்பர் போர்த்திய பற்சக்கரமும், அது உருட்டும் ரப்பர்த் தடமும் கொண்ட அமைப்பை உருவாக்கி 1937இல் உரிமம் பெற்றார். பின்சக்கரங்களின் இடத்தில் அந்தத் தடம். முன்சக்கரங்களின் இடத்தில் சறுக்குச் சட்டங்கள். மருத்துவர்களும் அஞ்சல்காரர்களும் அவ்வண்டிகளில் பனிமேல் சென்றனர். 1959இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஸ்கி டூ என்னும் அவ்வண்டி பனி நாடுகளெங்கும் பரவிற்று. 1964இல் அவர் மறைந்தார். பனிமேல் ஓடும் இத்தகைய சிறு வண்டிகளை இன்று சியாச்சினில் நம் படையினரும் பயன்படுத்துகின்றனர்.

பம்பார்டியர் என்ற பெயர் மும்பை வாசிகளுக்குப் புதிதன்று. அவர் நிறுவிய நிறுவனம் பிற்காலத்தில் ரயில் துறையிலும் புகுந்தது. அதன் மின்கருவிகளோடு சென்னைப் பெரம்பூர் ஆலையில் செய்த வண்டிகள் 2015 முதல் நம் புறநகர்ப் பாதைகளில் ஓடத் தொடங்கின. 2021இல் அந்த ரயில் பிரிவு வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. எனினும் ஒரு சிற்றூர் மெக்கானிக்கின் பெயர் நம் ரயில் வரை வந்து சேர்ந்தது அன்றோ!

கலங்கல் எங்கே, வால்கூர் எங்கே? ஒருவர் கண்டது தூசி, மற்றவர் கண்டது பனி. எனினும் இருவரும் கற்ற முறை ஒன்றே. பிறர் செய்த வண்டியைப் பிரித்தனர். தம் மண்ணுக்கு அது பொருந்தாத இடத்தைக் கண்டனர். அந்த இடத்தில் மாற்றினர். முதலில் பராமரிப்பு, அடுத்து மாற்றம், அதன் பின்னரே கண்டுபிடிப்பு. இந்த வரிசையை அவர்கள் மாற்றவில்லை. நாமோ முதல் இரண்டு படிகளையும் இழிவென்று ஒதுக்கிவிட்டு மூன்றாம் படியில் தாவி ஏற விரும்புகிறோம்.

ஆக்கங்கள்

நாயுடு அவர்களின் மூன்றாம் படி 1930களில் தெரியலாயிற்று. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. கிணறு இருந்தது, மின்சாரம் இருந்தது. நீரை இறைக்கும் மோட்டார் மட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து 1937இல் பீளமேட்டில் மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் இந்தியரே செய்த முதல் மின் மோட்டார் அதுவே என்று கொள்வர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை இன்று பெற்றிருக்கும் புகழின் வேர் இங்கே உள்ளது. கவலை இறைத்த உழவரின் மகன் கவலைக்கு மாற்றுக் கண்டார்.

ஐரோப்பாவில் சுற்றிய காலத்தில் உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரைக் கொண்டு ரேசண்ட் என்னும் சவரக் கருவியை ஆக்கினார். மிக மெல்லிய சவர அலகு, படக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என அவருடைய ஆக்கங்கள் நீளும். படமெடுப்பதிலும் பெருவிருப்பு உடையவர். 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே திரைப்படமாக எடுத்தார். வேளாண்மையையும் அவர் விடவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் ஆய்வுகள் நடத்தினார். அவருடைய பண்ணையை சர் சி. வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து கண்டனர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர், தொடக்கப் பள்ளியைத் தாண்டாத ஒருவரின் பண்ணைக்கு வந்து பார்த்தார் என்பதை இயற்பியல் பயிலும் நான் மறக்கலாகாது.

அவர் ஆக்கங்களில் ஒரு பொது இயல்பைக் காணலாம். அவை ஏழைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்று கருதினார். 1941இல் ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் சிறு பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அது தொழிற்சாலை உற்பத்திக்கு வரவில்லை. தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும் என்னும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. நாயுடு அவர்களின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. கனடாவில் ஒரு மெக்கானிக்கின் சிறு வண்டி ஒரு தொழிலையே பிறப்பித்தது. இங்கே ஒரு மெக்கானிக்கின் சிறு வண்டி பிறந்த இடத்திலேயே நின்றது. இதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

குறையும் நிறையும்

எனினும் பழி முழுவதையும் அரசின் மீது சுமத்துவது நேர்மையாகாது. விடுதலை பெற்ற ஏழை நாடு, இருக்கும் சிறு முதலை எதற்குச் செலவிடுவது என்று அளந்து பார்த்த காலம் அது. நாயுடு அவர்களிடமும் ஒரு குறை இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவர் உள்ளம் அடுத்ததற்குத் தாவிவிடும். சவரக் கருவியிலிருந்து வானொலிக்கு, வானொலியிலிருந்து பப்பாளிக்கு, பப்பாளியிலிருந்து காருக்கு என்று அவர் கவனம் ஓடிற்று. ஒரே பொருளை முப்பது ஆண்டுகள் விடாது திருத்திய பம்பார்டியரின் பொறுமை அவரிடம் இல்லை. எந்திரத்தைப் பேணத் தெரிந்தவர் கண்டுபிடிப்பைப் பேணத் தவறினார். பெரியோரின் குறையையும் சேர்த்துக் கற்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஒன்றில் மட்டும் அவர் கடைசிவரை உறுதியாக நின்றார். அது கைத்தொழிற் கல்வி. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அதற்குத் துணைநின்று பொறுப்பேற்று நடத்தியவர் நாயுடு. நான்காண்டுப் படிப்பில் காலம் வீணாகிறது. பட்டறையிலேயே பாடம் நடத்தினால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகினார். அக்கல்லூரி இடமும் பெயரும் மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. அவிநாசிச் சாலையில் பழைய இடத்தை மட்டும் மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். பள்ளியை விட்டு ஓடியவர் கல்லூரியைத் தொடங்கக் காரணமானார் என்பது விந்தையே. ஆனால் அவர் வெறுத்தது கல்வியை அன்று. கையைக் கட்டிப்போடும் கல்வியையே வெறுத்தார் என்பதை உணர்ந்தால் விந்தை தீரும்.

1967இல் தம் தொழிற் காட்சியகத்தை நிறுவினார். 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், எண்பதாம் வயதில் மறைந்தார்.

நமக்கு

மாணவ நண்பர்களே! மும்பைத் தமிழராகிய நம் முன்னோரும் இரு வகைக் கல்வியோடு இந்நகருக்கு வந்தனர். கணக்கும் தட்டெழுத்தும் கற்று வந்தவர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர் பலர் தாராவியில் குடியேறினர். இருவர் உழைப்பாலும் இந்நகர் வளர்ந்தது. ஆனால் முதல் வகையினரை மதித்த அளவு இரண்டாம் வகையினரை நாம் மதித்தோமா? நகரம் வேண்டாம் என்று எறிந்த பொருள்களைப் பிரித்து, தரம் பார்த்து, மீண்டும் பயன்படச் செய்யும் அறிவு தாராவியின் சந்துகளில் நாள்தோறும் வேலை செய்கிறது. அதற்குப் பாடநூல் இல்லை. ஆகையால் அதை அறிவு என்று சொல்ல நாம் தயங்குகிறோம்.

நானும் தயங்கியவனே. பள்ளி நாட்களில் சித்தப்பாவின் கடையைப் பற்றி வகுப்பில் பேச நான் கூசியதுண்டு. நான் பட்டறைப் பக்கம் வராமல் படிக்க வேண்டும் என்பதே சித்தப்பாவின் விருப்பமும். ஏணியில் ஏறிய பிள்ளை கீழே பார்த்தால் விழுந்துவிடுவான் என்று அவர் அஞ்சினார் போலும். அவர் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் அன்று மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஏணியின் கீழ்ப்படிகள் இல்லாமல் மேற்படிகள் அந்தரத்தில் நிற்பதை உணர்ந்தேன்.

இப்போது ஞாயிறு காலைகளில் அக்கடைக்குச் செல்கிறேன். முதல் வாரம் பிளக், அடுத்து கார்புரேட்டர், சென்ற வாரம் பட்டையும் கப்பியும். முதன்முறை நான் பூட்டிய கார்புரேட்டரில் ஒரு சிறு வளையம் மிஞ்சிவிட்டது. அந்த இளைஞர் சிரிக்கவில்லை. மறுபடியும் பிரிக்கச் சொல்லி அருகில் அமர்ந்துகொண்டார். வெப்ப இயக்கவியலில் அவருக்குத் தோன்றும் ஐயங்களை நான் விளக்குகிறேன். எஞ்சின் ஏன் சூடாகிறது என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு விடை சொல்ல நான் நூலகத்தில் இரண்டு நாள் தேட நேர்ந்தது.

நம் சங்கம் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்துகிறது. அவை நடக்கட்டும். அவற்றோடு ஒரு நாள், ஒரு பழைய ஸ்கூட்டரை நடுவில் வைத்து, அதைப் பிரித்துப் பூட்டும் அரங்கு ஒன்றையும் நடத்தினால் என்ன? நடுவராகத் தாராவியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைப்போம். மாலையும் பொன்னாடையும் அவருக்கே அணிவிப்போம். நாயுடு அவர்களுக்குச் சிலை வேண்டாம், விழா வேண்டாம். பிரித்த வண்டியைத் திருகு மிஞ்சாமல் பூட்டத் தெரிந்த பத்து மாணவர்கள் போதும்.